மாணவர் படத்துக்கு டிரெய்லர்: கொங்கு வட்டாரத்திலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி, சேலம் பக்கக் கல்லூரிகளில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிப்பவர்களும், வேறு படிப்பில் இருந்துகொண்டே குறும்படம் எடுக்கக் கிளம்பியவர்களும் கேட்கிற கேள்விகள் இவை. பதில்களில் என் விருப்புவெறுப்புகளும் கலந்திருக்கின்றன. பேச்சு அந்தரத்தில் தொங்காமல் இருக்க ஒரு கற்பனைக் கதையை வைத்துக்கொள்வோம். சோமனூர் பக்கம் ஒரு விசைத்தறிக் கூடம். அப்பாவுக்கு இரவு ஷிப்ட். கல்லூரியில் படிக்கும் மகள் சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே வருகிறாள். தறிகள் ஓடுகின்றன, அப்பாவைக் காணவில்லை. படத்தின் நீளம் 15 நிமிடம்.

டிரெய்லரைப் பற்றி எப்போது யோசிக்கத் தொடங்க வேண்டும்? படத்தொகுப்பு முடிந்த பிறகுதானே?

இல்லை, திரைக்கதை எழுதும்போதே. கடைசியில் யோசிப்பவர்களுக்கு மிஞ்சுவது படத்தில் இருக்கிற துண்டுகள் மட்டும்தான். அவற்றில் முக்கால்வாசி, இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் காட்சிகளாக இருக்கும். டிரெய்லருக்கு வேண்டியவை வேறு: ஒரு கை, ஒரு கதவு, திரும்பிப் பார்க்கும் ஒரு முகம், பேச்சே இல்லாத சில நொடிகள். படப்பிடிப்புத் தாளில் ‘டிரெய்லருக்கு’ என்று தனிப் பத்தி ஒன்று போட்டு, ஒவ்வோர் இடத்திலும் இரண்டு மூன்று ஷாட் கூடுதலாக எடுத்துவிடுங்கள். விளக்கும் ஆளும் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன. பத்து நிமிட வேலை. பிறகு இதற்கென்று தனியாக வண்டி கட்டிப் போக வேண்டியிருக்காது.

படத்தில் வராத ஷாட்டை டிரெய்லரில் வைப்பது ஏமாற்று வேலை இல்லையா என்று சிலர் கேட்கிறார்கள். ஷாட் படத்தில் இல்லாமல் இருக்கலாம். அது சொல்லும் கதையும் அதன் மனநிலையும் படத்தில் இருக்க வேண்டும். சோகப் படத்துக்குச் சண்டைப் பட டிரெய்லர் வெட்டினால் அதுதான் ஏமாற்று.

எவ்வளவு நேரம் ஓட வேண்டும்?

15 நிமிடப் படத்துக்கு ஒரு நிமிடம். மிஞ்சிப் போனால் ஒன்றேகால் நிமிடம். திரையரங்குப் படங்களின் இரண்டரை நிமிட அளவைப் பார்த்து நீங்களும் நீட்டினால், படத்தில் ஆறில் ஒரு பங்கைக் காட்டிவிட்டீர்கள் என்று பொருள்.

கதையை எந்த அளவுக்குச் சொல்லலாம்?

பார்த்து முடிப்பவர் மனத்தில் ஒரே ஒரு கேள்வி நிற்க வேண்டும். முதலில் அந்தக் கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள். நம் கதையில் அது ‘அப்பா எங்கே போனார்?’ என்பது. இந்தக் கேள்வியை வளர்க்கிற ஷாட் உள்ளே வரலாம். பதிலைக் கொஞ்சமாவது காட்டிக்கொடுக்கிற ஷாட், எவ்வளவு அழகாக இருந்தாலும், வெளியே. மாணவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். படத்திலேயே மிகச் சிறந்த ஷாட் கடைசிக் காட்சியில் இருக்கும், அதை டிரெய்லரில் வைக்காமல் கை நிற்காது. நடிகர்களின் நண்பர்கள் பாராட்டுவார்கள். படம் திரையிடும் அன்று அந்த இடம் வரும்போது அரங்கத்தில் ஒரு சலசலப்பும் இருக்காது.

தறிக்கூடக் கதையை நான் வெட்டினால் இப்படித் தொடங்குவேன். கறுப்புத் திரை, தறிச் சத்தம் மட்டும், ஐந்து நொடி. பிறகு நாடா (குறுக்கு நூலை ஏந்தி ஓடும் கட்டை) பாய்வது, பீம் என்கிற உருளையில் சுற்றும் துணி, தூக்கைப் பிடித்த கை. மகள் உதட்டசைவில் அப்பாவைக் கூப்பிடுகிறாள். சத்தத்தில் நமக்குக் கேட்பதில்லை. அடுத்தது ஒரு தறி. அதில் பாவு நூல், அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், அறுந்திருக்கிறது, யாரும் நிறுத்தி முடிச்சுப் போடவில்லை, துணியில் கோடு விழுந்துகொண்டே நீள்கிறது. நெசவு தெரிந்த ஊர்க்காரருக்கு அந்த ஒரு ஷாட்டிலேயே வயிறு கலங்கும். அப்பா வெகுநேரமாக அங்கே இல்லை என்பதை வசனமே இல்லாமல் அது சொல்லிவிடுகிறது. நெசவு தெரியாதவருக்கும் ஏதோ கெட்டுப்போகிறது என்பது புரியும். அதன்பின் மின்சாரம் போகிறது. எல்லாத் தறியும் ஒன்றாக நிற்கின்றன. அந்த அமைதியில் முதன்முறையாக அவள் குரல் கேட்கிறது: “அப்பா?” படத்தின் பெயர். முடிந்தது.

கதைச் சுருக்கம் என்று இதில் எதுவும் இல்லை. அம்மா, கடன், முதலாளி எல்லாம் படத்துக்கு உரியவை.

எங்களிடம் படமே இல்லை. பாடத்திட்டத்துக்காக டிரெய்லர் மட்டும் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். என்ன செய்வது?

படம் இருப்பதாகவே நினைத்து ஒரு பக்கக் கதை எழுதுங்கள், முடிவையும் சேர்த்து. முடிவு தெரியாமல் எடுத்த டிரெய்லரில் ஓடுவதும் திரும்பிப் பார்ப்பதும் மட்டுமே இருக்கும். யாரிடமிருந்து ஓடுகிறார்கள் என்று நடிப்பவருக்கே தெரியாது.

ஒலிக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறீர்கள்?

படம் கொஞ்சம் மங்கினால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். வசனம் கேட்கவில்லையென்றால் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார். அதோடு, கொங்கு நாட்டில் நல்ல ஒலி பிடிப்பதற்கென்றே சில தொல்லைகளும் உண்டு, வேறு ஊர்க்காரர்களுக்கு வாய்க்காத சில வசதிகளும் உண்டு.

முதல் தொல்லை காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நுழைவதால் வைகாசி கடைசி தொடங்கி ஆவணி வரை பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் திறந்தவெளியில் மைக் வைத்தால் பதிவாவது பெரும்பாலும் காற்றுதான். அவ்வளவு காற்றாலைகள் அங்கே சும்மா நிற்கவில்லை. மைக்கின் மேல் போடும் வெறும் ஸ்பாஞ்சு உறை இதற்குப் போதாது. ரோமம் வைத்த காற்றுத்தடுப்பு வாங்கிக்கொள்ளுங்கள். தென்னந்தோப்புக்குள் ஓலை அசையும் ஓசை மைக்கில் மழை போலக் கேட்கும். கதையில் மழை இல்லையென்றால் வசனக் காட்சியை அங்கே வைக்காதீர்கள். அதிகாலையில் காற்று ஓரளவு அடங்கியிருக்கும். வசனத்தை அப்போது முடித்துவிட்டு, காற்றை வேண்டுமானால் பகலில் தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம்.

இரண்டாவது தறி. ஓடும் தறிக்கூடத்துக்குள் காதருகே கத்தினாலும் கேட்காது. செல்போனின் தானியங்கி ஒலிக் கட்டுப்பாடு அந்தச் சத்தத்தை நசுக்கி ஒரே இரைச்சலாக்கிவிடும். ரெக்கார்டரில் அளவைக் கையால் குறைத்து, உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்கும்படி வைத்துத் தறியோசையை மட்டும் தனியாக எடுங்கள். ஒரு தறியை அருகிலிருந்து, கூடத்தை வாசலிலிருந்து, பிறகு தெருவிலிருந்து என்று மூன்று தூரங்களில். டிரெய்லரில் இந்த மூன்றையும் மாற்றி மாற்றிப் போடும்போதுதான் பார்ப்பவர் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் உணர்வார்.

வசனத்தைத் தறி நின்றிருக்கும்போது எடுக்க வேண்டும். ஆனால் நமக்காகத் தறியை நிறுத்தச் சொல்வது நியாயமில்லை. தறி நின்றால் கூலியும் நிற்கும். இதற்கு நம் ஊரிலேயே வழி இருக்கிறது. மின் வாரியம் துணை மின் நிலையப் பராமரிப்புக்காக மின்தடை நாளை ஊர்ப்பெயர்களோடு நாளிதழ்களில் முன்கூட்டியே அறிவிக்கிறது. காலை 9 மணியிலிருந்து மாலை வரை அந்த வட்டாரத்தில் ஒரு தறியும் ஓடாது. உங்கள் கூடம் மட்டுமல்ல, பக்கத்துத் தெருவும் அமைதியாக இருக்கும். பேட்டரி விளக்குகளை முதல்நாளே சார்ஜ் செய்து வைத்துக்கொண்டால் அன்றைக்கு அந்த இடம் உங்களுக்கு ஒலிப்பதிவுக் கூடம். இரவுக் காட்சி என்றால் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிவிடுங்கள்.

அமைதியான கூடத்தில் நடிப்பவர்கள் மெதுவாகப் பேசிவிடுவார்கள். பிறகு தறியோசையைச் சேர்க்கும்போது பொய் தெரியும். ஆகவே ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் பதிவு செய்த தறியோசையை ஸ்பீக்கரில் உரக்க ஓடவிட்டு, ‘ஆக்‌ஷன்’ சொல்லும் நொடியில் நிறுத்துங்கள். தொண்டை அந்த அளவிலேயே நிற்கும்.

தறி ஓடும்போது எடுப்பவர்கள் துப்பட்டாவையும் விரித்த கூந்தலையும் கட்டிக்கொண்டு, நாடா தெறிக்கும் பக்கம் நிற்காமல் எடுக்க வேண்டும். இதைக் கூடத்துக்காரர் சொல்வதற்கு முன் நீங்களே சொன்னால் அவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வரும்.

செல்போன் கேமரா போதுமா?

போதும். மைக்குக்கும் முக்காலிக்கும் செலவழியுங்கள். இரண்டு அமைப்புகளை மட்டும் முதல் நாளே சரிபார்க்க வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் நிறுத்தினால் திரையில் பட்டை ஓடாது. நொடிக்கு 24 பிரேம் என்றால் 1/50 பொருந்தும். அடுத்தது, பல செல்போன்கள் பிரேம் வேகத்தைத் தாமாகவே ஏற்றி இறக்கிப் பதிவு செய்கின்றன. தனி ரெக்கார்டரின் ஒலியைச் சேர்க்கும்போது உதடும் குரலும் மெல்ல விலகிப்போவது இதனால்தான். ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் நிலையான பிரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டு வெட்டத் தொடங்குங்கள்.

சூரியனைப் பற்றியும் ஒன்று. ஆனைகட்டி, சிறுவாணி அடிவாரம், ஆழியாறு பக்கம் மேற்கே மலை நிற்கிறது. செயலி சொல்லும் மறையும் நேரத்துக்கு வெகு முன்பே வெயில் மலைக்குப் பின்னால் போய்விடும். பொன்வெயில் வேண்டும் என்றால் பல்லடம், காங்கயம் பக்கத்துச் சமவெளிக்குப் போங்கள், அல்லது மலையடிவாரத்தில் அந்தக் காட்சியைக் காலைக்கு மாற்றுங்கள்.

ட்ரோன் ஷாட் இல்லாமல் டிரெய்லரா?

தென்னந்தோப்புக்கு மேலே ட்ரோன் எழும்புவதில் தொடங்கும் கொங்கு டிரெய்லர்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன. அது படத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. தோப்பு பெரியது என்று மட்டும் சொல்கிறது. கட்டாயம் வேண்டுமென்றால் 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளைப் படியுங்கள். அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் உள்ள வரைபடத்தில் உங்கள் இடம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்த்த பிறகே பறக்கவிடலாம். பீளமேட்டில் விமான நிலையமும் சூலூரில் விமானப்படைத் தளமும் இருப்பதால் கோவையைச் சுற்றிப் பெரும்பகுதியில் கட்டுப்பாடு உண்டு. முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்திலும் 400 அடிக்கு மேல் அப்படிப் பறக்கவிட முடியாது.

எங்கெல்லாம் அனுமதி வாங்க வேண்டும்?

தனியார் இடம் என்றால் உரிமையாளரின் கையெழுத்து. தெருவில், சந்தையில் ஆட்களோடு எடுத்தால் உள்ளூர்க் காவல் நிலையத்துக்குக் கல்லூரி முதல்வரின் கடிதத்தோடு போய்ச் சொல்லிவிடுவது நல்லது. ரயில் நிலையம், அணைக்கட்டு, அறநிலையத் துறைக் கோயில் ஆகியவற்றுக்கு அந்தந்தத் துறையிடம் எழுத்தில் வாங்க வேண்டும், நாட்கள் ஆகும். டாப்சிலிப்பும் சத்தியமங்கலம் காடும் புலிகள் காப்பகங்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் கேமராவோடு நுழையும் எண்ணமே வேண்டாம். காடு கேட்கும் கதைக்கு ஊர்ப்பக்கத்துக் கரடும் ஓடைக்கரையும் போதும். இறுக்கமான பிரேமில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் நடித்தால் பெற்றோரின் எழுத்து ஒப்புதலை வாங்குங்கள். ஒலி-ஒளி ஊடகத் தயாரிப்புகளில் குழந்தைக் கலைஞர்களுக்கான மத்திய அரசு விதிகள் மாவட்ட ஆட்சியரின் அனுமதியைக் கேட்கின்றன. ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, இடைவேளை இல்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கின்றன. காளையோ நாயோ நடிக்கிறதென்றால் இந்திய விலங்குகள் நல வாரியம் என்று ஒன்று இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். பிற்பாடு படத்தைத் தணிக்கைக்கு அனுப்பும்போது அதன் அனுமதியைக் கேட்பார்கள்.

வசனத்தைக் கொங்குத் தமிழில் வைக்கலாமா? வெளியூர்க்காரர்களுக்குப் புரியுமா?

வையுங்கள். புரியும். பயம் புரியாமைக்கு வேண்டாம், மிகைக்கு வேண்டும். வாக்கியத்துக்கு வாக்கியம் ‘ஏனுங்க’ போட்டால் அது நகைச்சுவை நடிகரின் கொங்குத் தமிழ். எழுதிய வசனத்தை அம்மிச்சியிடம் (அம்மாவின் அம்மாவிடம்) படித்துக் காட்டுங்கள். அவர் சிரிக்கிற இடத்தை வெட்டிவிடுங்கள். மகள் அப்பாவை ‘வாங்க, போங்க’ என்று அழைப்பதும், அப்பா மகளை ‘கண்ணு’ என்பதும் எந்த விளக்கமும் இல்லாமல் உறவைச் சொல்லிவிடும். டிரெய்லரில் மொத்தம் மூன்று வசனத்துக்கு மேல் வேண்டாம் என்பது என் கட்சி.

பிரபலமான சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடலாமா? பழைய பாட்டு என்றால் பிரச்சினை இல்லைதானே?

வகுப்பறைக்குள் நடப்பது வேறு. யூடியூப்பில் ஏற்றினால் அதன் தானியங்கி அமைப்பு கண்டுபிடித்துவிடும். வீடியோ முடக்கப்படலாம், ஒலி வெட்டப்படலாம். பழைய பாட்டு என்ற வாதமும் அவ்வளவு எளிதில் நிற்காது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு உரிமை உண்டு. மெட்டுக்கும் வரிகளுக்கும் தனி உரிமை, அது படைத்தவர் மறைந்த பின்னும் 60 ஆண்டு நிற்கும். ஒன்று முடிந்தாலும் மற்றது நிற்கலாம்.

நம் பக்கம் உடுக்கைக் கலைஞர்கள் இருக்கிறார்கள். பொன்னர், சங்கர் என்ற சகோதரர்களைப் பற்றிய அண்ணன்மார் கதையை இரவெல்லாம் உடுக்கையடித்துப் பாடுகிற மரபு இந்த மண்ணில்தான் இருக்கிறது. பறையும் நாதஸ்வரமும் உண்டு, வள்ளிக்கும்மிக் குழுக்கள் ஊருக்கு ஊர் உண்டு. ஒரு கலைஞரை ஒரு மணி நேரம் அழைத்து, பேசிய தொகையைக் கையில் கொடுத்து, பயன்படுத்திக்கொள்ள ஒப்புதல் எழுதி வாங்கிப் பதிவு செய்யுங்கள். தனி உடுக்கையின் அடியை மெதுவாகத் தொடங்கி விரைவாக்கச் சொன்னால், உங்கள் டிரெய்லரின் வேகம் அதிலேயே அமைந்துவிடும். அந்த அடிக்கு ஏற்ப வெட்டலாம். இணையத்தில் எடுத்த இலவச இசையை விட இது பல மடங்கு மேல். தறிக்கூடக் கதைக்கு மட்டும் நான் இசையே வைக்க மாட்டேன், தறியே போதும்.

வெட்டும்போது எங்கே தொடங்குவது?

தாளில். ஷாட்டுக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதித் தரையில் பரப்பி, இடம் மாற்றிப் பாருங்கள். கணினியில் முதல் வெட்டு இரண்டு நிமிடம் வரும், அது வழக்கம்தான். டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பு இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். பாதி வழியில் இரண்டு சோதனை செய்யுங்கள்: ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள், திரையை மூடிவிட்டு ஒருமுறை கேளுங்கள். எந்த இடத்தில் கவனம் போய் வேறு எதையோ நினைக்கிறீர்களோ அங்கே வெட்ட வேண்டும்.

படத்தைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவருக்குக் காட்டி, “நல்லா இருக்கா?” என்று மட்டும் கேட்காதீர்கள், நம் ஊரில் யாரும் ‘நல்லா இல்லை’ என்று முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டார்கள். “இந்தப் படம் எதைப் பற்றியது? இப்போது உங்களுக்கு என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?” என்று கேளுங்கள். நீங்கள் முதலில் எழுதிவைத்த அந்த ஒரு வரிக் கேள்வியை அவர் தம் வாயால் சொன்னால் வேலை முடிந்தது.

படத்தின் பெயரைத் தமிழில் போட்டால் எழுத்து உடைகிறதே?

கொம்பு தனியாகவும் எழுத்து தனியாகவும் நின்றால் மென்பொருளின் எழுத்து அமைப்பைப் பாருங்கள். அடோபி மென்பொருள்களில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து இயந்திரத்தை அமைப்புகளுக்குள் போய்த் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். யூனிகோட் எழுத்துரு பயன்படுத்துங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, முக்தா மலர் எல்லாம் இலவசமாகக் கிடைப்பவை. திரையில் வரும் வரியை வாய்விட்டு இரண்டு முறை படிக்கும் நேரம் அது நிற்க வேண்டும். ஒற்றுப்பிழையை ஒரு தமிழாசிரியரிடம் காட்டித் திருத்திவிடுங்கள், மலிவான காப்பீடு.

சென்னைக்குப் போகாமல் இதெல்லாம் சரியாக வருமா?

சாமிக்கண்ணு வின்சென்ட் கோவையில் வெரைட்டி ஹால் திரையரங்கைக் கட்டியது 1914-இல். சேலத்தில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸும் கோவையில் சென்ட்ரல், பட்சிராஜா ஸ்டூடியோக்களும் முழுநீளப் படங்களையே எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தன. ஒரு நிமிட டிரெய்லருக்கு நீங்கள் ரயிலேற வேண்டியதில்லை.

தணிக்கைச் சான்றிதழ் வேண்டுமா?

கல்லூரிக்குள் மதிப்பீட்டுக்குக் காட்டவும் யூடியூப்பில் ஏற்றவும் வேண்டியதில்லை. திரையரங்கில் பொதுமக்களுக்குத் திரையிடுவதானால் 1952-ஆம் ஆண்டு ஒளிப்பதிவுச் சட்டப்படி சான்றிதழ் வேண்டும், டிரெய்லருக்கும் தனியாக.

செலவை எப்படிப் பிரிப்பது?

முதலில் சோறு, பிறகு பெட்ரோல், பிறகு மைக் வாடகை. சம்பளம் இல்லாமல் வந்து நிற்கிற நண்பர்களுக்குப் பகல் ஒரு மணிக்குச் சாப்பாடு வராவிட்டால் மூன்று மணிக்கு எடுக்கும் ஷாட்டில் அது தெரியும். மிச்சத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி, அன்றன்று எடுத்ததை அன்று இரவே இரண்டு இடத்தில் நகலெடுங்கள். நகல் திறக்கிறதா என்று பார்த்த பிறகே கார்டை அழிக்க வேண்டும்.

திரையிடும் நாளில் எதைக் கவனிக்க வேண்டும்?

லேப்டாப்பில் அழகாகத் தெரிந்த இருட்டுக் காட்சி, கல்லூரி அரங்கின் பழைய புரொஜெக்டரில் வெறும் சாம்பலாகத் தெரியும். முந்தின நாளே அதே அரங்கில், அதே புரொஜெக்டரில் ஓட்டிப் பார்த்து, தேவையானால் கொஞ்சம் வெளிச்சம் ஏற்றிய தனிப் பிரதி ஒன்றை உருவாக்குங்கள். ஸ்பீக்கர் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பல அரங்குகளில் அப்படித்தான், அங்கே வலப்பக்கம் மட்டும் வைத்த ஒலி காணாமல் போய்விடும். யூடியூப்புக்குப் போகும் பிரதியின் ஒலி மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (மொத்த ஒலி உரப்பை அளக்கும் அலகு) அருகே இருந்தால் தளம் தானாகக் குறைக்காது. செங்குத்துப் பிரதியும் வேண்டுமென்றால் படமெடுக்கும்போதே முகத்தையும் முக்கியப் பொருளையும் நடுவில் வைத்திருக்க வேண்டும். பிறகு ஓரங்களை வெட்டிச் சரிசெய்வது பாதிதான் நடக்கும். இரண்டு பென்டிரைவில் கோப்பை வைத்து, ஒன்றை உங்கள் பையிலும் மற்றதை இன்னொருவர் பையிலும் போட்டுக்கொண்டு போங்கள்.